சுவரோரச் சிப்பாய்

பத்மலோசனி மில்லுக்குப் பூட்டுப் போட்ட நூற்றுப் பத்தொன்பதாம் நாள் காலை, கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் கிடக்கிற கல் முற்றத்தில் மூன்று பேர் போனது போனபடி நின்றுவிட்டார்கள், நின்றவர்கள் ஏழு வருஷம் நின்றார்கள், அந்த மூவரில் முதலாளி அச்சுதராமனை ஊருக்குத் தெரியும், சங்கத் தலைவர் ஒண்டிமுத்துவை ஜில்லாவுக்கே தெரியும், மூன்றாவது ஆள் யாரென்று கேட்டால் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "அட, அந்தப் பதிலிப் பொம்பளைங்க" என்பார்கள். அவளுக்கு மயிலாத்தா என்று ஒரு பேர் இருக்கிறது. அவள் நின்ற கல்லை மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு பேரை மறந்துபோன ஊரை என்னவென்று சொல்ல, நாசமாய்ப் போக. கதை அவளுடையதுதான், அதனால் அவள் எங்கே நின்றாள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நிரந்தர ஆள் ஒருவர் காய்ச்சலென்றோ கருமாதியென்றோ வராமல் போனால் அன்றைக்கு மட்டும் அவருடைய மெஷினைப் பார்க்கிறவருக்கு மில்லில் பதிலி என்று பேர். தினமும் காலை ஆறு மணிக்குப் பதிலிகளெல்லாம் முற்றத்தின் இடது கைப் பக்கச் சுவரை ஒட்டி ஒருவர் பின்னால் ஒருவராக நிற்க வேண்டும், நடுமுற்றம் நிரந்தரக்காரர்கள் நடக்கிற வழி, அதில் தெரியாமல் கால் பட்டாலும் வாட்ச்மேன் "ஓரம், ஓரம்" என்று தடியால் தரையைத் தட்டுவார், டைம்கீப்பர் தன் ஜன்னலைத் திறந்து பேர் கூப்பிடுவார், கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் தூக்குப்போசியைத் திறக்காமலே வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். மயிலாத்தா இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அந்தச் சுவரோரம் வந்து நின்றவள், பதினோரு வருஷமாய் நின்றுகொண்டிருந்தாள், சுவரின் சுண்ணாம்பு அவளுடைய இடது தோள்பட்டையில் படியாத நாள் கிடையாது. அந்தச் சுண்ணாம்பை வைத்தே கடைத்தெருவில் அவளைப் பதிலி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதிலிகள் அறுபத்திரண்டு பேரையும் நிரந்தரம் பண்ண வேண்டும் என்று சங்கம் கேட்டது, முடியாது என்று முதலாளி பூட்டினார். நிரந்தர உத்தரவு என்பது ஒரு முழ நீளம்கூட இல்லாத பச்சைக் காகிதம், டைம்கீப்பர் ஜன்னலுக்கு உள்ளே ஒரு கட்டாக இருக்கும், எல்லாம் அச்சடித்திருக்கும், பேர் எழுதுகிற இடம் மட்டும் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் தன் பேர் ஏற வேண்டும், மகள் பூங்கோதை பெரியவளாகி எந்தச் சுவரோரமும் நிற்காமல் இருக்க வேண்டும், மயிலாத்தா உலகத்தில் கேட்டது இவ்வளவுதான். கேட்ட மற்ற அறுபத்தொரு பேரும் நூறு நாள் தாண்டுவதற்குள் ஒருவர் பின்னால் ஒருவராக வேறு ஊர், வேறு பிழைப்பு என்று போய்விட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மற்ற மில்களில் சீட்டு ஆடுவார்கள், பத்மலோசனியில் சதுரங்கம் ஆடுவார்கள். முதலாளியின் அப்பா எங்கேயோ ஓர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த மயக்கத்தில், முற்றத்துக்குக் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாற்றி மாற்றி, இந்தப் பக்கம் எட்டு அந்தப் பக்கம் எட்டு என்று பதித்து வைத்தார், தினமும் அதன்மேல் நடந்து நடந்து ஜனங்களுக்கு ஆட்டம் தானாகவே காலில் ஏறிவிட்டது. கேன்டீன் மேசையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, முழு பாபின் ராஜா, காலிக் கோன் ராணி, துருப்பிடித்த நட்டெல்லாம் சிப்பாய் என்று வைத்து, ஷிப்டு மாறுகிற அரை மணி நேரத்தில் ஆண் பெண் அத்தனை பேரும் ஆடுவார்கள். கேன்டீனுக்கென்று மூன்று வாக்கு இருந்தது. ஒன்று, தொட்டால் நகர்த்து. இரண்டு, காயெல்லாம் தீர்ந்த கடைசி ஆட்டத்தில் ராஜா முன்னே, சிப்பாய் பின்னே. மூன்றாவதை நேரம் வரும்போது சொல்கிறேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஆபீசுக்குப் பக்கத்தில் இடது சுவரில் நோட்டீஸ் பலகை இருக்கிறது, மில்லை இனித் திறப்பதில்லை என்ற காகிதத்தை அதில் ஒட்டுவதற்கு முதலாளி தாமே இறங்கி வந்தார், அதைத் தடுக்க ஒண்டிமுத்து கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், பின்னாலேயே மயிலாத்தா போனாள், கால் தானாகவே சுவரோரம் போயிற்று. கேட்டிலிருந்து எண்ணினால் அவள் மூன்றாவது கல்லில் இருந்தாள், ஒண்டிமுத்து ஐந்தாவதில், முதலாளி ஏழாவதில், நடுவில் ஒரே ஒரு கல். அந்த ஒரு கல்லைத் தாண்டி அடுத்தவர் அருகில் போக இருவருக்கும் கால் எழவில்லை. ராஜாவும் ராஜாவும் ஒட்டி நிற்கக் கூடாது என்பது கேன்டீனில் தேங்காய் துருவுகிறவளுக்குக்கூடத் தெரியும், அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்த அலாவுதீன் பாய் கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "எதிரெதிரா நிக்கறாங்க. கடைசியா கால் வெச்சது மொதலாளி. நடை நம்முளுது, போச்சு" என்று சொல்லி, ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னதன் அர்த்தம், இரண்டு ராஜாக்கள் ஒரு கல் இடைவெளியில் முகத்துக்கு முகம் நின்றால் நடை யாருடையதோ, அதாவது யார் முதலில் நகர வேண்டியிருக்கிறதோ, அவர் வழியை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், நகராமலும் இருக்க முடியாது, அதுதான் ஆட்டத்தின் கொடுமை. ஒண்டிமுத்துவுக்கு வியர்த்து வழிந்தது, அப்புறம்தான் தனக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"தோழர் மயிலாத்தா," என்றார், திரும்பாமல். "ஒரு எட்டு வைங்க. ஒரே ஒரு எட்டு. நடை அவருக்குப் போயிரும், அவர் நகந்துதான் ஆவோணும்."

"வெச்சாத் திரும்பி வர முடியுங்களா தோழர்?"

"சிப்பாய் எங்க அம்மிணி திரும்பும்? எட்டாவது கல்லுக்குப் போயிட்டா நீங்க ராணி. டைம்கீப்பர் ஜன்னல் அங்கதான இருக்குது. பச்சைக் காயிதம் உங்க கையில."

மயிலாத்தா முதலில் குதிகாலைப் பின்னால் வைத்துப் பார்த்தாள், அது கல்லோடு கல்லாக இருந்தது. கேட்டுக்கு வெளியே பதினோரு வயதுப் பூங்கோதை, இரட்டைச் சடையில் ஒன்றைப் பின்னி ஒன்றைப் பின்னாமல், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நின்றுகொண்டிருந்தாள், அம்மா வந்து பின்னிவிடுவாள் என்று ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். "அத்தைகிட்டப் பின்னிக்கோ சாமி" என்று சொல்லிவிட்டு மயிலாத்தா ஓர் எட்டு வைத்தாள். நாலாவது கல்.

அந்தப் பிள்ளை "அம்மா" என்று உள்ளே ஓடிவந்தது. மற்றவர்கள் முற்றத்தில் வரலாம் போகலாம், ஆட்டம் அவர்களைக் கணக்கில் வைக்கவில்லை. ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டப்போன சமயத்தில் அலாவுதீன் பாய், "தொடாத கண்ணு! தொட்டா நகத்தோணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நடை முதலாளியுடையது, இந்த நேரத்தில் இவள் நகர்ந்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். பூங்கோதை ஒரு சாண் தள்ளி நின்று அழுதாள், மயிலாத்தா அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், அன்றிலிருந்து ஏழு வருஷம் அவள்மேல் ஒரு மனித விரல் படவில்லை.

முற்றத்தில் நின்றவர்களுக்குப் பசி வரவில்லை, மயிர் நரைக்கவில்லை, ஆனால் டீ குடிக்க மட்டும் ஆசை இருந்தது, அலாவுதீன் பாய் மூன்று வேளையும் மூன்று டம்ளர் கொண்டுபோய் நீட்டினார், விரல் படாமல் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். முதலாளி யோசித்தார், யோசித்தார், பதினோரு மாதம் யோசித்தார். கடைசியில் சாய்வாக ஒரு கல் பின்வாங்கினார், உடனே ஒண்டிமுத்து சாய்வாக ஒரு கல் முன்னேறி மறுபடியும் அவருக்கு நேராக நின்றார், வெளியே வெடி போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுமுறை விட்டார்கள். அப்புறம் முதலாளி டைம்கீப்பர் ஜன்னலுக்கு எதிரில் இருக்கிற மூலைக் கல்லில் போய் நின்றார், மயிலாத்தா ஐந்தாவது கல்லுக்கு வந்தாள், அவர் பக்கத்துக் கல்லுக்கு வந்தார், அவள் ஆறாவது கல்லுக்கு வந்தாள், அவர் மறுபடியும் மூலைக்குப் போவதற்கு ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நடைக்கும் இப்படியே மாசமும் வருஷமும் போயிற்று.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் எப்போதும் செய்வதைத்தான் செய்தது. முதல் வாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தது, இரண்டாவது வாரம் குடை கொண்டுவந்து கொடுத்தது, மூன்றாவது மாதம் பஸ் கண்டக்டர் "மில் கேட்" என்பதை விட்டுவிட்டு "ராஜா ஸ்டாப்பிங்கெல்லாம் எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார். தொழிலாளர் துறை அதிகாரி மாதம் ஒரு தரம் வந்து மூன்று பேரையும் பார்த்துவிட்டு "பேச்சுவார்த்தை சுமுகமாக நடைபெற்று வருகிறது" என்று எழுதிக்கொண்டு போனார். வேலை கிடைக்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் இடது பக்கச் சுவரில் ஆணி அடித்து மஞ்சள் கயிறு கட்டினார்கள், சுவரைத்தான் கும்பிட்டார்கள், பக்கத்தில் நின்றவளை "கொஞ்சம் நவுந்து நில்லும்மா" என்று சொல்லிவிட்டு, அவளால் முடியாது என்பது ஞாபகம் வந்து சிரித்தார்கள். அலாவுதீன் பாய் மைக் செட் வாடகைக்கு எடுத்து, நடை நடக்காத நாளிலும் விளக்கம் சொன்னார், இந்தப் பக்கம் போனால் என்ன ஆகும், அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்வதைக் கேட்க வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஒண்டிமுத்துவுக்கு மாலை விழாத நாள் இல்லை. "நகராத தலைவர்" என்று போஸ்டர் ஒட்டினார்கள், கல்லில் நின்றபடியே கவுன்சிலருக்குப் போட்டியிட்டு நின்றபடியே ஜெயித்தார், நின்றபடியே பதவிப் பிரமாணமும் எடுத்தார். முதலாளியும் சும்மா இல்லை, மானேஜர் கொண்டுவருகிற பைலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார், பின்பக்கக் கேட் வழியாக ஸ்பிண்டில் ஸ்பிண்டிலாக, பிரேம் பிரேமாக மில்லைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பினார். பின்பக்கக் கேட் எட்டுக் கல்லுக்குள் வராது, அதனால் அதை யாரும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. மயிலாத்தாவுக்கு மட்டும் லாரியின் சத்தம் சுவர் வழியாகத் தோளில் அதிரும், "தோழர், பின்னால எதையோ ஏத்தறாங்க" என்று அவள் நாலு தரம் சொன்னாள், "நம்ம பார்வை முன்னால இருக்கோணும் தோழர்" என்று அவர் நாலு தரமும் ஒரே பதிலைச் சொன்னார்.

முகத்துக்கு முகம் நின்றால் விரோதம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? முதல் வருஷம் இருவரும் ஒருவரை ஒருவர் வாய் கூசாமல் திட்டினார்கள், இரண்டாம் வருஷம் பேசவில்லை, மூன்றாம் வருஷம் ஒருநாள், "ஏனப்பா ஒண்டிமுத்து, உனக்கும் முட்டி வலிக்குதா?" என்று முதலாளி கேட்டார். அதற்கப்புறம் இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே தைலம், படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒண்டிமுத்துவின் மகனைப் பற்றி முதலாளி விசாரித்ததும், "நான் பாத்துக்கறேன் விடப்பா" என்றதும் மயிலாத்தா காதில் விழுந்தது. அவளுக்கு இவர்கள் யாருடைய முகமும் கிடைக்கவில்லை, ஒண்டிமுத்துவின் முதுகுதான் கிடைத்தது, அவருடைய சட்டைக் காலரில் எத்தனை தையல் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். ஆனாலும் அவள் வருத்தப்படவில்லை, பச்சைக் காகிதம் கல் கல்லாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, ஆறாவது கல்லுக்கு வந்தபோது டைம்கீப்பர் ஜன்னலின் கம்பிகூடத் தெரிந்தது. பேர் எழுதுகிற இடத்தில் மயிலாத்தாள் என்று எழுதச் சொல்வதா, மயிலம்மாள் என்று எழுதச் சொல்வதா என்று அவள் ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தாள்.

பூங்கோதை ஞாயிறுதோறும் வருவாள், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து வாரம் நடந்ததையெல்லாம் சொல்லுவாள். அவள் பெரியவளானதை இப்படித்தான் சொன்னாள், சீர் நடந்ததையும் இப்படித்தான் சொன்னாள், பத்தாவது தேறியதையும், மேலே படிக்க வேண்டாம் என்று அத்தை சொன்னதையும் இப்படித்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சதுரங்கப் போட்டிக்குப் போய்க் கோப்பை வாங்கிய பிள்ளை அவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்தாள், மூலைக்குப் பக்கத்துக் கல்லில் நின்ற முதலாளியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நீ நிக்கறது ஓரம்மா."

"பதிலின்னா ஓரமாத்தான் நிப்பாங்க சாமி."

"அதில்லம்மா. ஓரச் சிப்பாய் ராணியாகாது."

இதுதான் கேன்டீனின் மூன்றாவது வாக்கு. நடுக்கட்டத்துச் சிப்பாய் என்றால் அதற்கு இரண்டு பக்கமும் வழி உண்டு, ராஜா ஒரு பக்கம் தள்ளினால் எதிரி மறுபக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் ஓரச் சிப்பாய்க்கு ஒரு பக்கம் சுவர், எதிராளி கடைசி மூலையில் போய்க் குந்திக்கொண்டு மூலைக்கும் பக்கத்துக் கல்லுக்கும் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தால் போதும், ஆயிரம் வருஷம் ஆனாலும் அவரை அங்கிருந்து கிளப்ப முடியாது. பத்மலோசனி மில்லில் இதை அறியாத வாய் கிடையாது, அலாவுதீன் பாய் இந்த வாக்கைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேருடைய ஆட்டத்தைக் கேலி பண்ணியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊர் ஆறு வருஷம் அந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, ராஜா எத்தனை கல், நடை யாருடையது என்று விரல் மடக்கி எண்ணியது, அவள் சுவரை ஒட்டி நிற்கிறாள் என்பது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பதிலி சுவரோரம் நிற்பது யாருக்குக் கண்ணில் படும்?

பூங்கோதை சொன்னது வெளியே பரவியதும் அலாவுதீன் பாய் தலையில் அடித்துக்கொண்டு மைக்கை அணைத்தார். இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் சித்திரைத் தேருக்கு வந்த கூட்டம் மைக் ஏன் பேசவில்லை என்று கேட்டது, மறுபடியும் போட்டுவிட்டார், பாவம், அவருக்கும் வயிறு இருக்கிறதே.

மயிலாத்தா இப்போது ஆறாவது கல்லில் ஒண்டிமுத்துவுக்குப் பக்கவாட்டில் நின்றாள், அவருடைய முகத்தை ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். முகம் சதை போட்டிருந்தது.

"ஏனுங் தோழர், ஓரச் சிப்பாய் ராணியாகாதுங்கறது உங்களுக்குத் தெரியுங்களா?"

ஒண்டிமுத்து முதலாளியைப் பார்த்தார், முதலாளி வானத்தைப் பார்த்தார்.

"தெரியும் அம்மிணி."

"எப்பத் தெரியுமுங்க?"

"மொத நாளே."

"அப்புறம் எதுக்குங்க என்னைய எட்டு வைக்கச் சொன்னீங்க?"

அவர் தைலம் தடவின முட்டியைத் தேய்த்தார். "நடை நம்முளுது அம்மிணி. எதையாச்சும் நகத்தித்தான ஆவோணும்? நான் நகந்திருந்தா சங்கம் தோத்துருச்சும்பாங்க."

மயிலாத்தாவின் நாக்கில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்தது, அதற்கப்புறம் அவள் குடித்த டீயெல்லாம் வேப்பங்கொழுந்துச் சாறாக இருந்தது. சர்க்கரை கூடப் போடச் சொல்லிப் பார்த்தாள், கசப்பு போகவில்லை.

முதலாளி பக்கத்துக் கல்லிலிருந்து மூலைக்குப் போனார். இப்போது மயிலாத்தா ஏழாவது கல்லுக்குப் போனால் மூலையில் நிற்கிற முதலாளிக்கு எந்தப் பக்கமும் கால் வைக்க இடமிருக்காது, அவர் தோற்கவும் மாட்டார், நகரவும் மாட்டார், அப்படி முடங்கினால் ஆட்டம் சரிசமம், யாருக்கும் வெற்றியில்லை யாருக்கும் தோல்வியில்லை, ராஜாக்கள் இருவரும் வீட்டுக்குப் போகலாம். ஊருக்கும் அலுத்துவிட்டது, அந்த இடத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் வருவதாகப் பேச்சு அடிபட்டது. "ஒரே ஒரு எட்டு அம்மிணி, முடிச்சுக்கலாம்" என்றார் ஒண்டிமுத்து. "போதும்மா, வெச்சிரு" என்றார் முதலாளி, ஏழு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மாட்டேனுங்க" என்றாள் மயிலாத்தா.

கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பெரிய மனுஷர்கள் முட்டி வலியோடு நிற்கிறார்கள், இவளுக்கு என்ன வந்தது என்றார்கள், பதிலிக்கு இத்தனை திமிரா என்றார்கள், சுவரில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் அவள் அசையவில்லை. அந்த மூன்று மாதம்தான் அவள் வாழ்க்கையிலேயே எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்த காலம், அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புதன்கிழமை காலை ஒண்டிமுத்து கையை நீட்டி அவளுடைய இடது தோளைத் தொட்டார்.

மெதுவாகத்தான் தொட்டார், ஒரு பூச்சியைத் தட்டிவிடுவதுபோல. ஏழு வருஷத்தில் அவள்மேல் பட்ட முதல் விரல். தொட்டால் நகர்த்து என்பது கேன்டீனின் முதல் வாக்கு, அவள் வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க நிற்கவே கால் எழுந்துபோய் ஏழாவது கல்லில் விழுந்தது. முதலாளி "அப்பாடா" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. இருவருடைய காலும் விட்டுவிட்டது, ராஜாக்கள் இருவரும் அவள் தலைக்குமேலே கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள், போட்டோ எடுத்தார்கள், இரு தரப்புக்கும் கௌரவமான முடிவு என்று அலாவுதீன் பாய் மைக்கில் மூன்று தரம் சொன்னார், முதலாளி காரில் ஏறினார், ஒண்டிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மில் திறக்குமா என்று யாரும் கேட்கவில்லை, உள்ளே திறப்பதற்கு என்ன இருக்கிறது, புறாவும் ஒட்டடையும்தான். மைக் செட்டைச் சுருட்டிக்கொண்டு பாயும் போனார், முற்றத்தில் மயிலாத்தா ஒருத்தி நின்றாள்.

அவளுக்கு முன்னால் எட்டாவது கல் காலியாகக் கிடந்தது.

மறுநாள் காலை ஆறு மணி ஆகும்வரை அவள் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேர் கூப்பிடுகிற நேரம் வந்ததும் தானாகவே ஓர் எட்டு வைத்தாள். டைம்கீப்பர் ஜன்னல் துருப்பிடித்துத் திறந்து கிடந்தது, உள்ளே பச்சைக் காகிதக் கட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது, மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தாள், பேர் எழுதுகிற இடம் அப்படியே காலியாக இருந்தது. அந்த நிமிஷத்தில் உள்ளங்காலில் ஏதோ முடிச்சு அவிழ்ந்தது. குதிகாலைப் பின்னால் வைத்துப் பார்த்தாள், போயிற்று. வலது பக்கம் வைத்தாள், ஒரே வீச்சில் முற்றத்தின் அந்த மூலைக்குப் போயிற்று. சாய்வாக வைத்தாள், கண் மூடித் திறப்பதற்குள் கேட்டுக்கு வந்துவிட்டாள். எட்டுத் திசையிலும் எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகலாம், அவள் ராணியாகிவிட்டாள், பார்க்கத்தான் ஒரு நாதி இல்லை. பச்சைக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளிடம் போகலாம் என்று நினைத்தாள், நினைத்த திசைக்குக் கால் நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று.

கால் அவளை நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பைபாஸ் ரோட்டில் புதுசாக ஒரு கம்பெனி, பெரிய கேட், உள்ளே ஓடுகிற மெஷின்களின் சத்தத்தை மயிலாத்தாவின் தோள் அடையாளம் கண்டுகொண்டது. அச்சுதராமன் பின்பக்கக் கேட் வழியாகக் கழற்றி அனுப்பியவை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒண்டிமுத்துவின் மகன் கையில் லிஸ்டோடு நின்றான், இங்கே பதிலி என்று சொல்வதில்லை, டிரெய்னி என்று சொல்கிறார்கள், சுவரை ஒட்டி நாற்பது பெண்பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நின்றார்கள். மூன்றாவதாகப் பூங்கோதை நின்றாள், பதினெட்டு வயது, இடது தோளில் புதுச் சுண்ணாம்பு.

மயிலாத்தா போய் அவள் கையைப் பிடித்தாள். ஏழு வருஷம் கழித்து, அந்தப் பிள்ளையின் கை அவள் கையைவிடப் பெரிசாகியிருந்தது, அதைக்கூட நின்று பார்க்க அவளுக்குப் பொறுமையில்லை, தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டுக்கு நேரே நடுரோட்டில் நிறுத்தினாள்.

"ஓரமா நிக்காத சாமி. எங்க வேணும்னாலும் நில்லு, சுவரோரம் மட்டும் நிக்காத. நீதான எனக்குச் சொன்ன? நடுவுல நில்லு."

பூங்கோதை அம்மாவைப் பார்த்தாள், அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது, அம்மாவின் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். அதற்குள் உள்ளேயிருந்து மணி அடித்தது.

"விடும்மா," என்றாள். "பேர் கூப்பிடற நேரம்."

கையை உருவிக்கொண்டு ஓடிப்போய், மூன்றாவது இடம் போய்விடாமல், சுவரோரம் நின்றுகொண்டாள்.

மயிலாத்தா நடுவில் நின்றாள். நூல் ஏற்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்த லாரி அவளுக்கு ஒரு கல் இடைவெளியில் பிரேக் போட்டு நின்றது, பின்னால் இன்னொரு லாரி, அதற்கும் பின்னால் முதலாளியின் கார். வாட்ச்மேன் தடியால் தரையைத் தட்டி, "ஏம்மா, ஓரம், ஓரம்" என்று கத்தினார், டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எட்டுத் திசையில் எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் அவளால் போக முடியும். இரண்டு காலையும் சேர்த்துத் தரையில் ஊன்றிக்கொண்டு, டிரைவரை அண்ணாந்து பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"நடை உங்களுதுங்க. நகத்துங்க."